சரத் கமல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களிடமிருந்து சரத் கமலைப் பற்றி ஒரு கேள்வியாவது வராத வாரம் கிடையாது. பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

யார் சார் இந்த சரத் கமல்? பேரு கேள்விப்பட்டிருக்கேன், அவ்வளவுதான்.

1982 ஜூலையில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்து, தமிழ்நாட்டுக்காரராக இந்தியாவுக்கு ஆடியவர். ஆண்கள் ஒற்றையரில் 10 முறை தேசிய சாம்பியன். காமன்வெல்த் போட்டிகளில் 7 தங்கம் உட்பட 13 பதக்கம். ஆசிய விளையாட்டில் 2 வெண்கலம். ஐந்து ஒலிம்பிக். 2025 மார்ச்சில் சென்னையிலேயே கடைசிப் போட்டியை ஆடி ஓய்வு பெற்றார்.

இந்தப் பட்டியலை விட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொன்று. அவர் முதல் தேசியப் பட்டம் வென்றது 2003-இல், பத்தாவது 2022-இல். இடையில் பந்து மாறியது, பசை மாறியது, எதிரே நின்ற தலைமுறையே மாறியது. ஒவ்வொரு தடவையும் அவர் தன் ஆட்டத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். கீழே வரும் பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

அசந்தான்னு முன்னாடி போடறாங்களே, அது என்ன? அவர் தமிழரா இல்லையா?

அது வீட்டுப் பெயர். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், அதனால் அசந்தா சரத் கமல். குடும்பத்தின் வேர் ஆந்திரா, வளர்ந்தது, படித்தது, ஆடப் பழகியது எல்லாம் சென்னை, மாநில அணி தமிழ்நாடு. சென்னையில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு, இதை ஒரு சண்டையாக்க வேண்டியதில்லை.

எத்தனை வயசுல ஆரம்பிச்சார்? என் பையனுக்கு ஒன்பது ஆயிடுச்சு, லேட்டா?

சரத் நான்கு வயதிலேயே பேட் பிடித்தவர். அப்பா சீனிவாச ராவ், சித்தப்பா முரளிதர ராவ் இருவரும் பயிற்சியாளர்கள். வீட்டிலேயே கோச் இருந்தது பெரிய வசதிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போதும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கும், வாரத்துக்கு மூன்று நாள் கிளாஸுக்கு வந்து போகிற பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு வயதில் தொடங்கியவர் சீனியர் தேசியப் பட்டத்தைத் தொட்டது 20 வயதில். நடுவில் பதினாறு வருடம். ஒன்பது வயதில் ஆரம்பிப்பது ஒன்றும் குடிமுழுகிப் போகிற விஷயமில்லை. பதினோரு வயதுப் பிரிவில் கோப்பை வாங்கவில்லையே என்று பதிமூன்று வயதில் நிறுத்திவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

பத்து தடவை நேஷனல்ஸ் ஜெயிச்சது பெரிய விஷயமா? வருஷா வருஷம் நடக்கறதுதானே?

பெரிய விஷயம். இதற்கு முன் கமலேஷ் மேத்தா என்ற மாபெரும் ஆட்டக்காரர் 8 முறை வென்றிருந்தார், அந்தச் சாதனை பல வருடம் அப்படியே நின்றது. 2019 ஜனவரியில் கட்டாக்கில் ஒன்பதாவது பட்டத்தை வென்று சரத் அதைத் தாண்டினார். இறுதியில் எதிரே நின்றது நம்ம சத்தியன், சரத்துக்கு அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்.

நம் நேஷனல்ஸ் மாநில அணிகள் மட்டும் மோதுகிற போட்டி அல்ல. பெட்ரோலிய நிறுவனங்களின் அணி, ரயில்வே அணி என்று வேலை கொடுக்கும் அமைப்புகளின் அணிகளும் வரும், நாட்டின் நல்ல ஆட்டக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த அணிகளில்தான் இருப்பார்கள். எல்லோரும் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் கரைத்துக் குடித்தவர்கள். உங்கள் சர்வீஸை ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் அதே சர்வீஸைப் போட்டுப் பாயிண்ட் எடுப்பது, முன்பின் பார்க்காத வெளிநாட்டுக்காரரிடம் எடுப்பதை விடக் கஷ்டம்.

2021-இல் பஞ்ச்குலாவில் நடந்த இறுதியில் சத்தியன் சரத்தை வீழ்த்தி முதல் தேசியப் பட்டத்தை வாங்கினார். அத்தோடு முடிந்தது, இனி இளையவர்கள் காலம் என்று பலரும் எழுதினார்கள். அடுத்த வருடம் ஷில்லாங்கில் அதே சத்தியனோடு இறுதி, 4-3 என்று ஏழு கேம் வரை போய் சரத் ஜெயித்தார். அதுதான் பத்தாவது. அப்போது அவருக்கு 40 நிறைய மூன்று மாதம் பாக்கி.

காமன்வெல்த்ல 13 பதக்கம்னு சொல்றாங்க, கணக்கு எப்படி வருது?

2006 மெல்போர்னில் ஒற்றையர் தங்கம், அணித் தங்கம். ஒற்றையர் இறுதியில் எதிரே ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்செல், அவருடைய நாடு, அவருடைய கூட்டம், ஏழாவது கேம் வரை போன ஆட்டம். 23 வயதுப் பையன் அங்கே போய் 4-3 என்று எடுத்துக்கொண்டு வந்தார். 2010 டெல்லியில் சுபஜித் சாஹாவோடு இரட்டையர் தங்கம், ஒற்றையரிலும் அணியிலும் வெண்கலம். 2014 கிளாஸ்கோவில் அந்தோணி அமல்ராஜோடு இரட்டையர் வெள்ளி. 2018 கோல்ட் கோஸ்ட்டில் அணித் தங்கம், சத்தியனோடு இரட்டையர் வெள்ளி, ஒற்றையர் வெண்கலம்.

2022 பர்மிங்காமில் நான்கு. அணித் தங்கம், ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையர் தங்கம், ஒற்றையர் தங்கம், சத்தியனோடு இரட்டையர் வெள்ளி. ஒற்றையர் இறுதியில் இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்டிடம் முதல் கேமை 11-13 என்று விட்டுவிட்டு, அப்புறம் வரிசையாக நான்கு கேம் எடுத்தார். மூன்றாவது கேம் 11-2. அந்த ஒரு கேமை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

மொத்தம் கூட்டினால் 7 தங்கம், 3 வெள்ளி, 3 வெண்கலம். முதல் ஒற்றையர் தங்கத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பதினாறு வருடம்.

காமன்வெல்த்ல சீனாவே கிடையாதே, அது என்ன பெரிய பதக்கம்?

நியாயமான கேள்விதான். சீனா இல்லை, ஜப்பான் இல்லை, கொரியா இல்லை, ஜெர்மனி இல்லை. காமன்வெல்த் தங்கத்தை உலக சாம்பியன் பட்டத்தோடு ஒப்பிட்டால் அது பொய். ஆனால் சும்மா எடுத்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தால் அதுவும் பொய். சிங்கப்பூர் அணியில் சீனாவிலேயே பயிற்சி பெற்று வந்தவர்கள் ஆடினார்கள், நைஜீரியாவிலிருந்து குவாத்ரி அருணா மாதிரி உலகத் தரத்துக்காரர் வந்தார், இங்கிலாந்து எப்போதுமே முரட்டு அணி.

சீனாவும் ஜப்பானும் இருக்கும் இடத்தில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டுமானால் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பாருங்கள். 1958-இலிருந்து ஆசிய விளையாட்டில் டேபிள் டென்னிஸ் இருக்கிறது, அறுபது வருடமாக இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கூடக் கிடையாது. அந்த வருடம் காலிறுதியில் ஜப்பானை வீழ்த்தி ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியது. மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையரிலும் சரத் வெண்கலம் வாங்கினார். என்னைக் கேட்டால் பர்மிங்காமின் நான்கு பதக்கத்தை விட இந்த இரண்டு வெண்கலம் கனமானவை.

அப்புறம் ஏன் ஒலிம்பிக்ல ஒண்ணும் கிடைக்கலை?

2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், 2016 ரியோ, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று ஐந்து முறை போனார், 2012 லண்டன் மட்டும் தவறிப்போனது. பதக்கம் இல்லை. டேபிள் டென்னிஸ் 1988-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து பாரிஸ் வரை 42 தங்கம் கொடுத்திருக்கிறார்கள், அதில் 37 சீனாவுக்கு. மிச்சம் ஐந்தைத்தான் உலகமே பங்கு போட்டுக்கொண்டது. ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் இரண்டு பேர்தான் என்று கட்டுப்பாடு வைத்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

அந்தப் பக்கம் ஒரு ஆட்டக்காரர் பின்னால் பெரிய அமைப்பே நிற்கிறது. எதிராளியின் ஆட்டத்தை அப்படியே நகல் செய்து ஆடிக் காட்டுவதற்கென்றே பயிற்சித் துணைவர்கள் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் தினமும் நல்ல தரத்தில் பந்து அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. இதைத் திறமைக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

டோக்கியோவுல தோத்துத்தானே போனார், அந்த மேட்ச்சை ஏன் இவ்வளவு கொண்டாடறீங்க?

எதிரே நின்றவர் மா லாங். ரியோவில் ஒற்றையர் தங்கம் வாங்கிவிட்டு டோக்கியோவிலும் வாங்கியவர். ஆண்கள் ஒற்றையரில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் ஆள். சரத் போர்ச்சுகலின் தியாகோ அபோலோனியாவை 4-2 என்று தாண்டி மூன்றாம் சுற்றுக்கு வந்தார், அங்கே மா லாங்.

முதல் கேம் 7-11. இரண்டாவது 11-8 என்று சரத் எடுத்தார். மூன்றாவது டியூஸ் வரை, அதாவது 10-10 என்ற சமநிலை வரை போய் 11-13. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். கடைசி இரண்டு கேமும் 4-11, 4-11. ஸ்கோரைப் பார்த்தால் 1-4 என்று சாதாரணத் தோல்விதான். ஆனால் அந்த மூன்றாவது கேமில் மா லாங் பாயிண்டுக்குப் பாயிண்ட் யோசித்து ஆட வேண்டியிருந்தது. 39 வயதில் ஒரு இந்தியர் அவரை அந்த இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது கேம் மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன்.

ரூல்ஸ் மாறிக்கிட்டே இருந்துச்சாமே, அதனால அவருக்கு என்ன?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பந்து 38 மில்லிமீட்டர், ஒரு கேமுக்கு 21 பாயிண்ட், ஒருவருக்கு ஐந்து சர்வீஸ். 2000-இல் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது, 2001-இல் கேம் 11 பாயிண்டுக்குக் குறைந்தது, சர்வீஸ் இரண்டிரண்டாக மாறியது. 21 பாயிண்ட் ஆட்டத்தில் முதல் பத்துப் பாயிண்ட் தடுமாறினாலும் மீள நேரம் இருக்கும். 11-இல் நாலு தப்பு பண்ணினால் கேம் கையை விட்டுப் போயிருக்கும். 2002-இல் சர்வீஸ் போடும்போது உடம்பாலோ கையாலோ பந்தை மறைக்கக் கூடாது என்றார்கள், அதையே நம்பியிருந்தவர்கள் ஒரே வருடத்தில் காணாமல் போனார்கள்.

அடுத்த அடி 2008-இல். அதுவரை ஆட்டத்துக்கு முன்னால் ரப்பரைக் கழற்றி ஒரு பசையைத் தடவி மறுபடி ஒட்டுவார்கள், ஸ்பீட் குளூ என்று பெயர். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் அதில் உப்பி, பந்து பேட்டில் பட்டதும் வில்லிலிருந்து விடுபட்ட மாதிரி பறக்கும். அந்தப் பசையில் இருந்த கரைப்பான்களின் ஆவி உடம்புக்குக் கெடுதல் என்று பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும் தடை செய்தார்கள். ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின்னின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழல வைத்து அடிக்கும் அடியின் பலத்தில் நிற்கிற எல்லோருக்கும் அது சோதனைதான், சரத்தின் பெரிய ஆயுதமே அந்த ஃபோர்ஹேண்ட். 2014-இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஸ்பின் குறைந்தது, பந்து எகிறும் விதம் மாறியது, மேசையை விட்டு நாலடி பின்னால் நின்று சுழற்றி அடிப்பவர்களுக்குப் பலன் குறைந்தது.

சரத் ஆறடிக்கு மேல் உயரம், கை நீளம், பின்னால் நின்று வீசி அடிப்பது அவருடைய இயல்பு. அப்படிப்பட்டவர் முப்பது வயதுக்கு மேல் மேசையை ஒட்டி வந்து, பேக்ஹேண்டைக் கூர்மையாக்கி, பந்து எழும்பும்போதே எடுக்கப் பழகினார். இருபது வருடமாக உடம்பில் ஊறிய கால் அசைவை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று பேட் பிடித்தவர்களுக்குத் தெரியும். எங்களிடம் வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு தவறான பேட் பிடியைத் திருத்தவே மூன்று மாதம் ஆகிறது.

சரி, நாற்பது வயசுல எப்படி ஆட முடிஞ்சுது? ஏதாவது ரகசியம் இருக்கா?

ரகசியம் ஒன்றுமில்லை, மேலே சொன்ன மாற்றம்தான் பாதிப் பதில். மேசையை ஒட்டி ஆடினால் ஓட வேண்டிய தூரம் குறையும், ராலியும் சீக்கிரம் முடியும். மீதிப் பாதி அனுபவம்: எந்தப் பாயிண்டில் எந்த சர்வீஸ், எதிராளி எப்போது அவசரப்படுவான் என்பது வயது ஏற ஏறத்தான் கைக்கு வரும்.

2020 மார்ச்சில் ஓமன் ஓப்பனில் போர்ச்சுகலின் மார்க்கோஸ் ஃப்ரெய்டாஸை வென்று பட்டம் வாங்கியபோது அவருக்கு 37. அதற்கு முன் 2010-இல் எகிப்து ஓப்பன் வென்றிருந்தார், சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் நடத்திய புரோ டூர் என்ற போட்டித் தொடரில் பட்டம் ஒன்றை ஒரு இந்தியர் வென்றது அதுதான் முதல் தடவை. பத்து வருடம் காத்திருந்து சம்மேளனத்தின் தொடரில் இரண்டாவது பட்டம். 2024 மார்ச்சில், 41 வயதில், சிங்கப்பூர் ஸ்மாஷ் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, ஸ்லோவேனியாவின் டார்கோ யோர்கிச், எகிப்தின் ஒமர் அஸர் இருவரையும் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். தரவரிசையில் 88-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் 34. பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு அதில்தான் உறுதியானது.

டபுள்ஸ்ல நிறைய பதக்கம் இருக்கே, அது சுலபமா?

சுலபம் இல்லை, அது வேறு கலை. இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு உடனே விலகித் துணைவருக்கு இடம் விடாவிட்டால் இருவரும் முட்டிக்கொள்வார்கள். ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை என்றால் விலகுவது எளிது. சரத்தும் சத்தியனும் வலக்கை. இருவரும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இந்தக் கால் கணக்கை வருடக்கணக்கில் பழகித்தான் கோல்ட் கோஸ்ட்டிலும் பர்மிங்காமிலும் இறுதிக்குப் போனார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சுபஜித், அமல்ராஜ், சத்தியன், மணிகா, ஸ்ரீஜா என்று ஐந்து வெவ்வேறு பேரோடு பெரிய மேடையில் பதக்கம் வாங்கியிருக்கிறார். துணைவருக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றத் தெரியாதவரால் இது முடியாது. ஸ்ரீஜா அவரை விடப் பதினாறு வயது இளையவர்.

வெளிநாட்டு கிளப்புல ஆடறதுன்னா என்ன? பணத்துக்கா போறாங்க?

பணமும் உண்டு, ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஜெர்மனியின் புண்டஸ்லீகாதான் ஐரோப்பாவின் பலமான டேபிள் டென்னிஸ் லீக், அதில் பொருசியா டுசெல்டோர்ஃப் பேர்பெற்ற கிளப், சரத் அங்கே ஆடியிருக்கிறார். அங்கே போனால் செவ்வாய்க்கிழமைக் காலைப் பயிற்சியிலேயே எதிரே உலகத் தரத்துக்காரர் நிற்பார். இங்கே அப்படி ஒருவரை வருடத்துக்கு நாலு தடவை போட்டியில் பார்த்தால் அதிகம். சத்தியனும் ஜெர்மனியில் ஆடினார், ஜப்பான் லீகில் ஒகயாமா அணிக்கும் ஆடினார்.

கூடவே பயிற்சியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியின் மாசிமோ கோஸ்டன்டினி 2009-10 காலத்தில் இந்திய அணியைப் பார்த்துக்கொண்டார், மறுபடி 2016-18 காலத்தில் வந்தார். எகிப்து ஓப்பன், அமெரிக்க ஓப்பன் இரண்டையும் சரத் வென்றது 2010-இல். ஜகார்த்தா வெண்கலம் 2018-இல். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணார்? டி.டி. ஆடி குடும்பம் நடத்த முடியுமா?

இந்தியன் ஆயிலில் வேலை. நேஷனல்ஸைப் பற்றிச் சொல்லும்போது வந்த பெட்ரோலிய நிறுவனங்களின் அணியில் இந்த நிறுவனமும் சேர்த்தி, சரத் பல வருடம் ஆடியது அந்த அணிக்கே. சத்தியன் ஓ.என்.ஜி.சி. மாதச் சம்பளம் தவறாமல் வரும் என்ற நிம்மதி இருந்ததால்தான் ஒரு தோல்வி வருடத்தைத் தாண்டி அடுத்த வருடம் ஆட முடிந்தது. இந்திய விளையாட்டுக்காரர்கள் பலருடைய கதையில் இந்த வேலை நியமனம் அமைதியாகப் பின்னால் நிற்கிறது, யாரும் அதைப் பற்றி எழுதுவதில்லை.

2017-இல் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் வந்த பிறகு நிலைமை இன்னும் கொஞ்சம் மேல். 2019-இல் கோப்பை வென்ற சென்னை லயன்ஸ் அணியில் சரத் இருந்தார். ஆனாலும் கிரிக்கெட் பணத்தை மனதில் வைத்துப் பிள்ளையை இங்கே சேர்க்காதீர்கள்.

படிப்பை விட்டுட்டாரா?

இல்லை. பள்ளியும் கல்லூரியும் சென்னையில்தான், கல்லூரி லயோலா. சத்தியன் பொறியியல் படித்தவர். இரண்டு பேருமே படித்துக்கொண்டே ஆடியவர்கள், அதனால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் தேட வேண்டாம்.

விருதெல்லாம் குடுத்தாங்களா?

அர்ஜுனா 2004, பத்மஸ்ரீ 2019, கேல் ரத்னா 2022. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பி.வி. சிந்துவோடு சேர்ந்து தேசியக்கொடி ஏந்தினார். ஒரு டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர் கையில் ஒலிம்பிக்கில் கொடி! எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது.

ரேங்கிங்ல சத்தியன்தானே மேல போனார்? எல்லாரும் சரத்தையே பேசறீங்களே?

உண்மை. 2019-இல் சத்தியன் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடத்தைத் தொட்டார், முதல் 25-க்குள் நுழைந்த முதல் இந்தியர் அவர். எஸ். ராமனிடம் பயிற்சி பெற்றவர், ராமனும் 90-களில் இந்தியாவுக்கு ஆடியவர்தான். சத்தியனின் வேகம், மேசையை ஒட்டி நின்று இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி அடிக்கும் அழகு எல்லாம் தனிக் கட்டுரைக்குரியவை.

ஆனால் இருவரையும் தராசில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. சத்தியனுக்கு முன்னால் சரத் என்ற இலக்கு இருந்தது. ஒரு இந்தியரால் புரோ டூர் பட்டம் வாங்க முடியும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. சரத் வளர்ந்தபோது அப்படிப் பார்க்க யாரும் இல்லை. அதே சமயம் சத்தியன் பின்னாலிருந்து துரத்தாமல் இருந்திருந்தால் சரத் முப்பது வயதுக்கு மேல் மேசையை ஒட்டி வந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். ஷில்லாங் ஏழு கேம் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

அவர் யூஸ் பண்ற பேட்டையே என் பொண்ணுக்கு வாங்கித் தரலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தத் தரத்தில் ஆடுபவர்களின் பிளேடும் (பேட்டின் மரப் பகுதி) அதில் ஒட்டும் ரப்பரும் மிக வேகமானவை, லேசாகத் தொட்டாலே பந்து மேசையைத் தாண்டிப் போகும். ஆடத் தொடங்கிய பிள்ளை அதைப் பிடித்தால் பந்தை உள்ளே போடுவதற்காகப் பயந்து பயந்து தட்டப் பழகும், முழு வீச்சே வராமல் போய்விடும். கட்டுப்பாடு அதிகமுள்ள ஆல்ரவுண்ட் பிளேடு, நடுத்தர ஸ்பாஞ்ச் தடிமனில் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும் ரப்பர், இது போதும். ரப்பர் பளபளப்பு போய்ப் பிடிப்பு குறைந்தால் மாற்றுங்கள். அந்தக் காசை நல்ல ஷூவில் போடுங்கள்.

ஏன் சென்னையிலயே ரிட்டயர் ஆனார்? இன்னும் ஒரு வருஷம் ஆடியிருக்கலாமே?

பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையரில் முதல் சுற்றிலேயே ஸ்லோவேனியாவின் டெனி கோசுலிடம் 2-4 என்று தோற்றார். அணிப் போட்டியில் எதிரே வந்தது சீனா, அதோடு முடிந்தது. 42 வயது. அடுத்த ஒலிம்பிக் வரை உடம்பை இழுத்துக்கொண்டு போவதா, அணியில் ஒரு இடத்தை இளையவருக்கு விடுவதா என்ற கேள்வி வரும்போது அவர் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே தெரிகிறது. ஆடிக்கொண்டே அவர் சர்வதேச சம்மேளனத்தின் வீரர்கள் ஆணையத்திலும் இருந்தார், வேலை இல்லாமல் போய்விடுகிற ஆளும் அல்ல.

2025 மார்ச் கடைசியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் டபிள்யூ.டி.டி. (வேர்ல்ட் டேபிள் டென்னிஸ்) தொடரின் ஸ்டார் கன்டெண்டர் போட்டி நடந்தது. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். முதல் இரண்டு சுற்றும் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் எதிரே வந்தவர் ஐதராபாத்தின் ஸ்நேஹித் சுரவஜ்ஜுலா, சரத் முதல் தேசியப் பட்டம் வாங்கியபோது சின்னக் குழந்தையாக இருந்திருப்பார். நேர் கேம்களில் ஸ்நேஹித் ஜெயித்தார். கடைசிப் பந்து விழுந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சரத் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.